சிஸ்டர் நோரோ போட்ட கோடித்துணி

எங்கள் ஊருக்கு வெளிநாட்டு சிஸ்டர் வந்து இறங்கிய அன்றைக்கு, மாலையை வேறு ஒருத்தர் கழுத்தில் போட்டுவிட்டார்கள். போட்டவர் பங்குப் பேரவைத் தலைவர் விமல்ராஜ். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த மாலை என் கையில் இருந்திருந்தால் நானும் அங்கேதான் போட்டிருப்பேன்.

சென்னையிலிருந்து வந்த காரில் மூன்று பேர் இறங்கினார்கள். முதலில் கன்னியர் மடத்துத் தலைவி மதர் அமலா. அடுத்தது கழுத்தில் கேமராவோடு வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர். மூன்றாவதாகக் கறுப்பாக, குட்டையாக, சுருட்டை முடியை முக்காட்டுக்குள் அடக்க முடியாமல் ஒரு பெண் இறங்கி, டிக்கியைத் திறந்து பெட்டிகளை எடுத்து வைத்தாள். பேண்டு வாத்தியம் முழங்கியது. மாலை வெள்ளைக்காரப் பெண்மணிக்கு விழுந்தது. அவர் இரண்டு நாள் போட்டோ எடுத்துப் போக வந்தவர், பெல்ஜியம். வருகிற எல்லோருக்கும் செஞ்சியில் இப்படித்தான் மாலை போடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டார். உள்ளே கூட்டத்தில் மதர் அமலா, "மடகாஸ்கர் நாட்டிலிருந்து நமக்குச் சேவை செய்ய வந்திருக்கும் சகோதரி நோரோ" என்று சொன்னபோது சபை முழுக்க பெல்ஜியத்தைப் பார்த்துக் கை தட்டியது. பெல்ஜியமும் சேர்ந்து தட்டினார். பெட்டி தூக்கிய பெண் கடைசி வரிசையில் எழுந்து நின்றபிறகுதான் விஷயம் விளங்கியது.

ஊர் இதை லேசில் மன்னிக்கவில்லை. "வெளிநாட்டு சிஸ்டர்னு சொன்னாங்க, இது நம்ம வந்தவாசி பக்கத்துப் பொண்ணாட்டம் இருக்குது" என்று காந்தி பஜார் வரைக்கும் பேச்சு. தரமான சரக்கு என்று சொல்லி உள்ளூர்ச் சரக்கைத் தள்ளிவிட்டதுபோல ஒரு வருத்தம் எல்லோருக்கும். இத்தனைக்கும் பேசிய ஒருத்தரும் சிவப்பு கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மடத்துக்கு எதிரில், திருவண்ணாமலை ரோட்டில், என் கடை. அரங்கநாதர் ஜெராக்ஸ். ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை. என் பெயர் அரிகிருஷ்ணன், வயது நாற்பத்தாறு, ஊர் சிங்கவரம். சிஸ்டர் நோரோ வெளிநாட்டுக்காரர் என்பதற்கு இந்த ஊரில் இருந்த ஒரே அத்தாட்சி அவருடைய பாஸ்போர்ட். அதைத் தங்கும் அனுமதிக்கு, முகவரிச் சான்றுக்கு, சிம் கார்டுக்கு என்று எதற்கெடுத்தாலும் நாலு காப்பி போட்டுக் கொடுத்தவன் நான். ஆகவே அவரை நம்பியவனும் நான் ஒருத்தன்தான்.

ஒருமுறை கோட்டையைப் பார்க்கப் போனார். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் உள்ளூர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள். "நான் அந்நிய தேசத்தாள்" என்று சொல்லி வெளிநாட்டு டிக்கெட் கேட்டிருக்கிறார். "ஏம்மா, காலங்காத்தால வெளையாடுறியா?" என்று கேட்டிருக்கிறார் டிக்கெட்காரர். பாஸ்போர்ட்டைக் காட்டி, மேலதிகாரி வந்து, போட்டோவையும் முகத்தையும் மூன்று தடவை பார்த்து, அதிகக் காசு வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பதற்குள் பின்னால் வரிசை கத்த ஆரம்பித்துவிட்டது. மறுநாள் என் கடைக்கு வந்து, "அண்ணா, இங்கே உண்மையைச் சொல்வதற்கு ஏன் இத்தனை நேரம் ஆகிறது?" என்று கேட்டார். உண்மை சொல்கிற பக்கத்தை நான் அதிகம் முயற்சி செய்து பார்த்ததில்லை.

அவருடைய தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதர் அமலா சொல்லிக்கொடுத்தது. பாடப்புத்தகம் பைபிள். அதனால் மருந்தகத்தில் நோயாளிகளை "உமது பாதத்தை நீட்டும்", "நாளைக்கு மறவாமல் வாரும்" என்று கூப்பிடுவார். ஊசி போட வந்த கிழவிகள் பயந்து சேலையைத் திருத்திக்கொள்வார்கள். ஒரு வருஷத்துக்குள் செஞ்சித் தமிழும் ஒட்டிக்கொண்டது. "இன்னா அய்யா, சாப்டியா? உமது மாத்திரையை விழுங்கினீரா?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார்.

அவருடைய ஒரு நாள் எனக்கு மனப்பாடம். கடை எதிரில் என்பதால் வேண்டாமென்றாலும் தெரிந்துவிடும். விடியுமுன் கோயில் மணி. பூசை முடிந்து வந்து வாசலைப் பெருக்குவார். பவுனம்மாள் ஓடிவந்து துடைப்பத்தைப் பிடுங்குவாள். பவுனம்மாள் மடத்துச் சமையல்காரி. சேவை செய்யக் கடல் தாண்டி வந்தவருக்குச் சேவை செய்ய ஒரு வேலையும் விடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டவள். வெளிநாட்டு வயிறாயிற்றே என்று மூன்று வாரம் வேளாவேளைக்கு ரொட்டியும் ஜாமும் வைத்திருக்கிறாள். அவர் ஊரில் மூன்று வேளையும் சோறு. அடிப்பிடித்த பானையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து அதையும் குடிப்பார்களாம். வாய் திறந்து கேட்க வெட்கப்பட்டு, சிஸ்டர் மூன்று வாரத்தில் பாதியாகிவிட்டார். கடைசியில் பவுனம்மாள் தனக்கென்று எடுத்துவைத்திருந்த பழைய சோற்றை அவர் அடுப்படியில் நின்றபடி சாப்பிடும்போது கையும் களவுமாகப் பிடித்தாள். "எனுக்கு வந்த கோவத்துல அழுதுட்டேன் அரி. சோத்த வச்சிக்கிட்டு ஒரு பொண்ண பட்டினி போட்டுட்டேன்" என்று என்னிடம் வந்து சொன்னாள்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மருந்தகம். பிறகு பையை மாட்டிக்கொண்டு வெயிலில் வீடு வீடாகப் போவார். நடக்க முடியாதவர்களுக்குப் புண் கட்டுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது. மாலையில் செபம். மாதக் கடைசியில் என் கடைக்கு வந்து, தலைமை மடத்துக்கு அனுப்ப ஒரு அறிக்கையை ஸ்கேன் செய்யச் சொல்வார். அதில் ஏழாவது கேள்வி, இந்த மாதம் எத்தனை உள்ளங்களைத் தொட்டீர்கள் என்பது. பிரெஞ்சில் இருந்ததை அவர்தான் எனக்கு விளக்கினார். பதிலாக அவர் எழுதியிருந்தது: பாவாடை அய்யாவின் புண் அரை சென்டிமீட்டர் குறைந்தது.

"சிஸ்டர், கேள்வி உள்ளத்தப் பத்தி. நீங்க குதிகாலப் பத்தி எழுதியிருக்கீங்க."

"நான் தொட்டது அதைத்தானே, அண்ணா" என்றார்.

அடுத்த மாதமும் அதே பதில். அதற்கடுத்த மாதம் கால் சென்டிமீட்டர் கூடியிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்.

பாவாடை ஏரிக்கரைக் காலனிக்காரர். கடலைக் கொல்லையில் கூலி வேலை பார்த்தவர். சர்க்கரை வியாதி, வலது குதிகாலில் ஆறாத புண். மனைவி இல்லை. மகள் அம்மாக்கண்ணுதான் எல்லாம். அம்மாக்கண்ணு தன் இஷ்டத்துக்கு வேற்று ஆளைக் கட்டிக்கொண்டாள் என்று உறவுக்காரர்கள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே, "இனிமே உங்களோட வாழ்வு சாவு இல்ல" என்று அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டிக்கொண்டவனும் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. மகளைக் கைவிட மாட்டேன் என்று நின்றவர் பாவாடை.

அவருக்கு மடகாஸ்கர் என்ற நாட்டில் நம்பிக்கை கிடையாது. "அப்புடி ஒரு ஊரே இல்ல. இந்தப் பொண்ணு பொய் சொல்லுது. வந்தவாசிதான்" என்பார். பதினான்கு மாதம் தினமும் அவருக்குப் புண் கட்டிய சிஸ்டர், வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டியும் பார்த்தார். "படத்துல ஆரு வேணா ஆத்தையும் கடலையும் போடலாம்" என்றுவிட்டார். ஒருநாள் என்ன தோன்றியதோ, "இத்தினி நாளா வர்றியே, உங்க சாமிக்கு நான் இன்னா பண்ணணும்?" என்று கேட்டிருக்கிறார். அறிக்கை அனுப்புகிறவர்கள் எல்லாம் காத்துக்கிடக்கிற கேள்வி. சிஸ்டர் சொன்ன பதில், "காலை நனைக்காமல் இரும்."

புண் ஆறியது. ஒரு செவ்வாய்க்கிழமை கட்டு அவிழ்த்தாயிற்று. சிஸ்டர் என் கடைக்கு ஓடிவந்து அறிக்கையில் பூஜ்யம் சென்டிமீட்டர் என்று எழுதி, அதை எனக்குக் காட்டிச் சிரித்தார். வெள்ளிக்கிழமை காலையில் பாவாடை எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார், முழுசாக ஆறிய காலோடு.

அன்று பத்து மணிக்கு சிஸ்டர் ரோட்டைத் தாண்டி வந்தார். கண் வீங்கியிருந்தது. "அண்ணா, புதுத் துணி எங்கே வாங்குவது? வெள்ளைத் துணி. பாவாடை அய்யாவுக்கு." அவர் ஊரில் இறந்தவரைப் புதுத் துணியில் போர்த்தி அனுப்ப வேண்டுமாம். அவர்களுக்குக் குளிரக் கூடாதாம்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் செத்தவர் மேல் புதுத் துணி போர்த்துவதற்குக் கோடி போடுவது என்று பேர். யார் வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது. கட்டிக்கொடுத்த பெண், சம்பந்தி வீடு, மாமன் மச்சான் என்று முறை உள்ளவர்கள்தான் போடலாம். போட்டவர்கள் பதினாறாம் நாள் கருமாதிக்கும் வந்து, துக்கத்தில் இருக்கிறவளுக்குப் புதுச்சேலை கொடுத்துத் துக்கம் மாற்ற வேண்டும். வராவிட்டால் அந்த வீட்டுக்குத்தான் அவமானம். மாலை வாங்கிப் போடலாம், சென்ட் பாட்டில் வாங்கிப் போடலாம், ஒன்றும் இல்லை. துணி போட்டால் சொந்தம்.

இதை நான் சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கிற புத்தி ஒன்று. துணிக்கடை என் மச்சான் ராஜாராமுடையது என்பது இன்னொன்று. அழைத்துப்போய் நல்ல வேட்டியாக வாங்கிக்கொடுத்தேன்.

மடத்திலிருந்து ஏரிக்கரைக் காலனி ஐந்து நிமிட நடை. வேப்பமரத்து முனை வரை கூடப் போனேன். அதற்கு மேல் நான் போனதில்லை. போகக் கூடாது என்று போர்டு ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் போவதில்லை, அவ்வளவுதான். தினமும் அந்த முனையைத் தாண்டித்தான் சிங்கவரத்திலிருந்து வருகிறேன். காலனிக்காரர்கள் எல்லோரும் என் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் ஆதார் எல்லாம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டு நம்பரும் எனக்குத் தெரியும். வீடு தெரியாது.

பாவாடை வீடு தெரு முகப்பிலேயே இருந்ததால் முனையில் நின்றபடி எல்லாம் பார்க்க முடிந்தது. பாடை கட்டி முடிந்திருந்தது. காலனியில் முறை பேசுகிற வீரமணி முன்னால் வந்து, "கோடி போடுறவங்க வாங்க" என்று குரல் கொடுத்தார். யாரும் வரவில்லை. அம்மாக்கண்ணு துக்கம் காக்கிற வீட்டுப் பெண், முறைப்படி அவளே போட முடியாது. மறுபடி கூப்பிட்டார். அறுத்துக்கொண்டு போன உறவுக்காரர்களில் நாலு பேர் எதிர்ச்சாரியில் கைகட்டி நின்றார்கள். எழவுக்கு வந்தவர்கள் இல்லை. கோடி விழாமல் போகிறதா என்று பார்க்க வந்தவர்கள். அம்மாக்கண்ணு தலையைத் தூக்கவே இல்லை. மூன்றாவது தடவை வீரமணி வாயைத் திறக்குமுன் சிஸ்டர் நோரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், வேட்டியைப் பிரித்து, கழுத்திலிருந்து குதிகால் வரை நிதானமாகப் போர்த்தினார். குதிகாலில் துணியை இரண்டு தடவை சரிசெய்தார்.

வீரமணி அம்மாக்கண்ணுவைப் பார்த்தார், கைகட்டி நின்ற நாலு பேரைப் பார்த்தார். பிறகு மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, "இன்னாடா பாத்துனு நிக்கிறீங்க? கோடி வுழுந்துச்சி, அடிங்கடா!" என்றார்.

மேளம் விழுந்ததும் சிஸ்டர் ஆட ஆரம்பித்தார்.

அவர் ஊரில் செத்தவரை ஆடித்தான் அனுப்ப வேண்டுமாம். நம் ஊரிலும் ஆடுகிறார்கள், குடித்துவிட்டு ஆண்கள். இவர் கன்னியாஸ்திரி உடுப்போடு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, சின்னச் சின்ன அடி வைத்து, கண்ணீர் கன்னத்தில் ஓட, சிரித்த முகமாக ஆடினார். அம்மாக்கண்ணு தலையைத் தூக்கிப் பார்த்தாள். எதிர்ச்சாரி நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. செல்போன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள்.

சாயந்திரத்துக்குள் வீடியோ அவலூர்பேட்டை வரைக்கும் போய்விட்டது. அன்றைக்குத்தான் செஞ்சி முழுக்க சிஸ்டர் நோரோ வெளிநாட்டுக்காரர் என்று ஒப்புக்கொண்டது. "நெசமாவே மடகாஸ்கர்தாம்பா. நம்ம ஊர் பொண்ணா இருந்தா இப்பிடி ஆடுவாளா?" பாஸ்போர்ட்டால் முடியாததை ஒரு பிணம் செய்து முடித்தது.

ஐந்தாம் நாள் அம்மாக்கண்ணு கடைக்கு வந்தாள், கருமாதிப் பத்திரிகை அடிக்க. இறந்தவர் பெயர், தேதி, இடம் எல்லாம் சொன்னாள். மகன்கள் இல்லை. "மகள்கள்னு போடுண்ணா" என்றாள்.

"மகள்னுதானே வரும்? நீ ஒருத்திதானே?"

"சிஸ்டரு கோடி போட்டுச்சி இல்ல. போட்டா மொறதானே? நைனாவுக்கு அதுவும் பொண்ணுதான்."

அடித்துக்கொடுத்தேன். மகள்கள்: அம்மாக்கண்ணு, சிஸ்டர் நோரோ (மடகாஸ்கர்). அடைப்புக்குள் வந்தவாசி என்று போட்டிருந்தால் பாவாடை சந்தோஷப்பட்டிருப்பார்.

அன்று மாலை சிஸ்டர் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கோடி என்றால் என்ன, போட்டால் என்ன ஆகும், எனக்கு முன்பே தெரியும் என்பது வரை. திட்டுவார் என்று நினைத்தேன். பத்திரிகையைக் கையில் வாங்கித் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "எனக்கு இங்கே ஓர் அக்கா கிடைத்திருக்கிறார்களா?" என்றார். "பதினாறாம் நாள் மகள் என்ன செய்ய வேண்டும்?" என்று அடுத்த கேள்வி. சேலை என்றேன். அங்கிருந்தே நடந்துபோய் அம்மாக்கண்ணுவிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மாக்கண்ணு அதை ஊரெல்லாம் சொன்னாள். அறுத்துக்கொண்டு போனவர்களுக்கும் ஆள் வைத்துச் சொல்லியனுப்பினாள்.

பத்திரிகையில் ஒன்று விமல்ராஜ் கைக்கும் போயிற்று. மாலையைத் தப்பாகப் போட்ட கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. வீடியோவையும் பத்திரிகையையும் மதர் அமலாவிடம் கொண்டுபோய் வைத்தார். மதர் சென்னைக்கு எழுதினார். சென்னையிலிருந்து மின்னஞ்சலில் உத்தரவு வந்தது. மடத்துப் பிரிண்டர் ரிப்பேர், அதனால் என் கடையில்தான் பிரிண்ட். சகோதரி நோரோ உள்ளூர்ப் பண்பாட்டை அறியாமல் நடந்துகொண்டபடியால், உள்ளூர்ப் பண்பாடு குறித்த ஆறு மாதப் பயிற்சிக்காகப் பெங்களூருக்கு அனுப்பப்படுகிறார். பயிற்சி முடிந்ததும் வேறு இடத்தில் பணி. புறப்பட வேண்டிய நாளைப் பார்த்தேன். பாவாடை போன பதினான்காம் நாள்.

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. காலனியில் கால் வைக்காத நானெல்லாம் பண்பாடு தெரிந்தவன். அவர் போய்க் கற்றுக்கொண்டு வர வேண்டும்.

மதர் அமலா கெட்டவர் இல்லை. இரண்டு நாள் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். மறுநாளே வகுப்பு ஆரம்பம், முடியாது என்று பதில். "கீழ்ப்படிதல் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம், அரி. எனக்கும்தான் கஷ்டமாக இருக்கிறது" என்றார். சிஸ்டர் நோரோவும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு வாக்கைக் காப்பாற்ற இன்னொரு வாக்கை விடவேண்டி வந்துவிட்டது. அம்மாக்கண்ணுவிடம் போய்ச் சொன்னார். அம்மாக்கண்ணு, "போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னாளாம். பவுனம்மாள் சொன்னாள், அன்று முழுக்க அம்மாக்கண்ணு வேலைக்குப் போகவில்லை என்று. கோடி விழுந்து, பத்திரிகையில் பெயர் போட்டு, கடைசியில் ஆள் வரவில்லை என்றால் விழாமலே இருந்திருக்கலாம். அந்த நாலு பேருக்கும் சிரிக்க ஒன்று கிடைத்துவிடும். துணி வாங்கிக்கொடுத்தவன் நான்தானே.

பதினான்காம் நாள் காலை சிஸ்டர் பெட்டியோடு என் கடைக்கு வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். கத்தரிப்பூ நிறத்தில் சேலை. ராஜாராம் கடைதான்.

"அண்ணா, இதை அக்காவிடம் நீங்கள் கொடுக்க வேண்டும். பதினாறாம் நாள்."

"அதுக்கென்ன. கடைக்கு வரச்சொல்லிக் குடுத்துடறேன்."

"இல்லை. வீட்டில் கொடுக்க வேண்டும். எல்லார் முன்னாலும். அப்படித்தானே சொன்னீர்கள்?"

"நான் அங்க போறதில்ல, சிஸ்டர்."

"ஏன்?" என்றார். "தூரமா?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கிண்டல் செய்திருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவர் நிஜமாகவே கேட்டார். இரண்டு விமானம் மாறி, ஒரு சமுத்திரம் தாண்டி வந்த பெண், கடையிலிருந்து வேப்பமரம் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு, தூரமா என்று கேட்கிறார். அத்தனை வெட்கம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. பொட்டலத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

பஸ் நிலையத்தில் விமல்ராஜ் மாலையோடு நின்றார். இந்தத் தடவை சரியான கழுத்தில் போட்டார்.

பதினாறாம் நாள் கடையைத் திறக்கவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நடந்தேன். வேப்பமரத்து முனையில் வழக்கம்போல் கால் நின்றுவிட்டது. போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எதிரில் சிங்கவரத்துக்காரர் ஒருத்தர் சைக்கிளில் போனார், "இன்னா அரி, இங்க நிக்கிற?" என்றார். "சும்மா" என்றேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். போகட்டும் என்று நடந்தேன். எண்ணினால் அறுபது அடி இருக்கும்.

பந்தலில் சடங்கு முடிகிற நேரம். அந்த நாலு பேரும் இன்றைக்கு எட்டுப் பேராகியிருந்தார்கள். அம்மாக்கண்ணு ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். வீரமணி சுற்றிலும் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "கோடி போட்ட பொண்ணு வூட்ல இருந்து ஆராச்சும் வந்துக்கிறீங்களா?"

"வந்திருக்குது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

எல்லோரும் திரும்பினார்கள். வீரமணிக்கு என்னை நன்றாகத் தெரியும், போன வாரம்தான் அவருக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். ஆனால் என்னை அந்த இடத்தில் பார்த்ததும் அடையாளம் தெரியாதவர்போல முழித்தார். பிறகு முறைப்படி கேட்டார். "நீங்க அந்தப் பொண்ணுக்கு இன்னா மொற?"

சிஸ்டர் கொடுத்தனுப்பினார், கொடுக்க வந்தேன் என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை நீட்டிவிட்டு வந்திருக்கலாம். அப்படித்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் தபால்காரன் கொண்டுவருவது முறை ஆகாது. எட்டுப் பேரும் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள். பதினாறு மாதமாக அந்தப் பெண் என்னை எப்படிக் கூப்பிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணன் மொற" என்றேன்.

அம்மாக்கண்ணு எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள். சேலையை அவள் கையில் வைத்தேன். அப்படியே தோளில் போட்டுக்கொண்டு, "வாண்ணா, சாப்புட்டுப் போ" என்றாள். வீரமணி மேளக்காரர்கள் பக்கம் கை காட்டினார். எட்டுப் பேரில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் பந்திக்கு வந்துவிட்டார்கள்.

என்னையும் பந்தியில் உட்காரவைத்தார்கள். பரிமாறியவர்கள் என் இலைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தார்கள், வெளியூர் விருந்தாளிக்கு வைப்பதுபோல. எதிர் இலையில் இருந்த பெரியம்மா ஒருத்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளைத் தட்டி, எனக்குக் கேட்கும்படியாகவே கேட்டாள்.

"இவுரும் மடகாஸ்கருதானா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோற்றைப் பிசைந்தேன்.